சிறைக்குள் ஒரு மாதம் இருந்த நீதிபதி

சட்டம் படிக்கும் மாணவர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். வி.ஆர். கிருஷ்ணய்யர் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் மந்திரியாக இருந்தவர், அப்படிப்பட்ட அரசியல்வாதியை உச்ச நீதிமன்றத்தில் உட்கார வைத்தது சரியா? குடிமை உரிமைகளுக்காக நின்ற நீதிபதி என்று எல்லோரும் புகழ்கிறார்களே, அப்படி என்னதான் செய்தார்?

இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் பல வருடங்களாகக் கிரிமினல் பக்கம் வழக்கு நடத்துகிறவன். ஜாமீன் மனு போடாத வாரம் கிடையாது. ஒவ்வொரு மனுவிலும் எங்கோ ஒரு வரியில் அந்த மனிதர் இருக்கிறார். அதனால் இது கொஞ்சம் நீளும்.

பிறந்தது பாலக்காடு பக்கம் வைத்தியநாதபுரத்தில், தமிழ் பேசும் ஐயர் குடும்பத்தில். அப்பா வழக்கறிஞர். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் ஒரு மாவட்டம். ஆகவே படிப்பு தலச்சேரி, பாலக்காடு என்று தொடங்கி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னையில் சட்டக் கல்லூரி என்று போனது. 1930களின் கடைசியில் தலச்சேரியில் கறுப்பு அங்கி போட்டார். அப்பாவின் அலுவலகம் இருந்தது, கட்சிக்காரர்கள் இருந்தார்கள். வசதியான வக்கீலாகவே வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் அவரைத் தேடி வந்தவர்களில் விவசாயக் கூலிகளும், பீடித் தொழிலாளிகளும், போலீஸ் பிடித்துப் போன கம்யூனிஸ்டுகளின் குடும்பத்தாரும் அதிகமாக இருந்தார்கள். வடக்கு மலபாரின் அன்றைய நிலைமை அப்படி.

1948இல் சென்னை மாகாண அரசு கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிக்கொண்டிருந்தது. அவர்களுக்குச் சட்ட உதவி செய்கிறார் என்று சொல்லிக் கிருஷ்ணய்யரையும் உள்ளே தள்ளினார்கள். சுமார் ஒரு மாதம் சிறை. அவர் கட்சி உறுப்பினர்கூட இல்லை. வழக்கறிஞர் என்ற முறையில் தன் வேலையைச் செய்தார், அவ்வளவுதான். நேற்று வரை பார்வையாளர் பக்கம் நின்று கைதியிடம் கையெழுத்து வாங்கிய மனிதர், கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வார்டரின் குரலைக் கேட்டார். முப்பது வருடம் கழித்து உச்ச நீதிமன்றத்திலிருந்து அவர் எழுதிய சிறைத் தீர்ப்புகளைப் படிக்கும்போது எனக்கு அந்த ஒரு மாதம்தான் நினைவுக்கு வரும்.

1952 தேர்தலில் கூத்துப்பறம்பு தொகுதியிலிருந்து சுயேச்சையாக ஜெயித்துச் சென்னை சட்டமன்றத்துக்கு வந்தார். ராஜாஜி முதல்வராக இருந்த அவையில் எதிர்வரிசை. மாநிலங்கள் பிரிந்தபின் 1957இல் கேரளத்தின் முதல் தேர்தலில் தலச்சேரியில் நின்றார். அப்போதும் சுயேச்சைதான், கம்யூனிஸ்ட் கட்சியின் ஆதரவு இருந்தது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைத்த அமைச்சரவையில் இடம் கிடைத்தது. அந்த 28 மாதங்களில் வெவ்வேறு சமயத்தில் சட்டம், உள்துறை, சிறை, நீர்ப்பாசனம், மின்சாரம், சமூக நலம் எல்லாம் அவர் கையில் இருந்தன. ஏழைகளுக்கு அரசுச் செலவில் வக்கீல் வைத்துத் தரும் விதிகள் அந்தக் காலத்தில்தான் கேரளத்தில் வந்தன. நாட்டின் பல இடங்களில் அப்படி ஒன்று நடைமுறைக்கு வராத காலம் அது.

அந்த ஆட்சியைப் பொற்காலம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தொழிலாளர் போராட்டங்களில் முதலாளிக்காகப் போலீஸ் தலையிடாது என்று அறிவித்த அதே அரசின் போலீஸ் 1959 ஜூன் 13ஆம் தேதி அங்கமாலியில் சுட்டதில் 7 பேர் இறந்தார்கள். ஆட்சி அதிகாரம் கையில் இருக்கும்போது உரிமை பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். ஜூலை 31ஆம் தேதி அரசியல் சாசனத்தின் 356ஆவது பிரிவைப் பயன்படுத்தி மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. பெரும்பான்மை இருந்த மாநில அரசு அப்படிப் போனதையும் அமைச்சராக இருந்து அனுபவித்தார். 1960இல் மிகச் சொற்ப வாக்குகளில் தோற்று, தேர்தல் வழக்கு போட்டு வென்று, மறுபடி சட்டமன்றத்துக்குப் போனார். 1965இல் தோற்றதும் மீண்டும் முழுநேர வக்கீல்.

1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1971 முதல் சட்ட ஆணையத்தில் உறுப்பினர். 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றம். இந்தக் கடைசி நியமனத்துக்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. அந்த வருடம் ஏப்ரலில்தான் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராயைத் தலைமை நீதிபதியாக்கியிருந்தார்கள். அரசுக்கு ஒத்துப்போகும் நீதிபதிகளைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்று வக்கீல்கள் கொதித்துப் போயிருந்த நேரம். பம்பாய் வழக்கறிஞர்கள் கண்டித்தார்கள், அவர்களில் சோலி சொராப்ஜியும் ஒருவர். கிருஷ்ணய்யரைப் பற்றித் தான் நினைத்தது தப்பு என்று பிற்காலத்தில் சொராப்ஜியே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

ஆனால் அந்த எதிர்ப்பு தேவையில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். அமைச்சராக இருந்தவர் நீதிபதி ஆகும்போது சந்தேகப்படுவதுதான் ஒரு வக்கீல் சங்கத்தின் வேலை. சந்தேகத்துக்குப் பதில் அந்த மனிதர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் கிடைக்கும். கிருஷ்ணய்யருக்கு இரண்டு வருடத்துக்குள்ளேயே அந்தச் சோதனை வந்தது.

1975 ஜூன் 12. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதியாக டில்லியில் இருந்தவர் கிருஷ்ணய்யர். சட்ட அமைச்சர் எச்.ஆர். கோகலே தொலைபேசியில் கூப்பிட்டு வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டார். விஷயம் இந்த மேல்முறையீடு என்று தெரிந்ததும், நேரில் வர வேண்டாம், மனுவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். இத்தனைக்கும் கோகலே அவருக்கு நன்றாகத் தெரிந்தவர்.

இந்திராவுக்காக நானி பல்கிவாலா, அவரிடம் தேர்தலில் தோற்று வழக்குப் போட்ட ராஜ் நாராயணுக்காக சாந்தி பூஷண் வாதாடினார்கள். ஜூன் 24ஆம் தேதி உத்தரவு வந்தது. அலகாபாத் தீர்ப்புக்கு முழுத் தடை இல்லை, நிபந்தனையோடு தடை. பிரதமராக நீடிக்கலாம், அவைக்குப் போகலாம், பேசலாம். ஆனால் எம்.பி. என்ற முறையில் ஓட்டுப் போடக் கூடாது, சம்பளம் வாங்கக் கூடாது. தேர்தல் வழக்கில் தோற்ற எம்.பி.க்களுக்கு மேல்முறையீட்டில் வழக்கமாக என்ன கிடைக்குமோ அதுதான் பிரதமருக்கும் கிடைத்தது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது.

முழுத் தடை கொடுத்திருந்தால் நெருக்கடி நிலையே வந்திருக்காது என்று சிலர் சொல்வார்கள். தடையே கொடுக்காமல் விட்டிருக்க வேண்டும் என்று வேறு சிலர் சொல்வார்கள். எனக்கு இரண்டுமே பொருத்தமாகப் படவில்லை. ஆளைப் பார்க்காமல் வழக்கைப் பார்த்து எழுதிய உத்தரவு அது. எந்த அரசுக்கு ஆள் என்று அவரைச் சந்தேகித்தார்களோ அந்த அரசின் தலைவியே கேட்டது கிடைக்காமல் திரும்பினார்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அவர் செய்ததில் பெரியது எது என்று கேட்டால் பெரும்பாலோர் அரசியல் சாசன வழக்குகளைச் சொல்வார்கள். நான் மோத்தி ராம் வழக்கைச் சொல்வேன்.

மோத்தி ராம் மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது, தொகையையும் ஜாமீன்தாரரையும் கீழ் நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்றது. அங்கே இருந்த தலைமை மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். 1978இல் ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம் என்றால் யோசித்துப் பாருங்கள். தம்பியோ அண்ணனோ, கூடப் பிறந்தவர் ஜாமீன் நிற்க வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார் மாஜிஸ்திரேட். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வெளியே விடு என்று சொன்ன ஆள் உள்ளேயே இருந்தார்.

கிருஷ்ணய்யர் அந்த உத்தரவைப் படித்துவிட்டுக் கேட்ட கேள்வி நம் ஆட்களைப் பற்றியது. ஒரு மலையாளியோ தமிழனோ கன்னடக்காரரோ ஆந்திராக்காரரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால், அந்த ஊரில் சொத்து உள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். அந்த மாவட்டத்து ஆள்தான் வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? 1,000 ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவர் பொறுப்பிலேயே, உடனே விடு என்று உத்தரவிட்டார். ஜாமீன் என்ற சொல்லுக்குள்ளேயே சொந்தப் பிணையில் விடுவதும் அடங்கும் என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. அதற்கு முந்தைய வருடம் பால்சந்த் வழக்கில், ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்கு என்ற கருத்தைச் சுருக்கமாக எழுதி வைத்தவரும் அவரேதான். இன்று தொலைக்காட்சி விவாதங்களில்கூட அடிபடும் வாசகம் அது.

மோத்தி ராமை நான் முதலில் பாடமாகப் படித்ததோடு சரி. தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடத்தில்தான் உறைத்தது. பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு பையன், செல்போன் திருட்டு வழக்கு. ஜாமீன் கிடைத்துவிட்டது. இரண்டு ஜாமீன்தாரர், இரண்டு பேரும் உள்ளூர், வீட்டுவரி ரசீதும் தாசில்தார் சான்றும் வேண்டும் என்று நிபந்தனை. மேஸ்திரி கைவிரித்துவிட்டார். அந்தப் பையனுக்கு அந்த ஊரில் தெரிந்த வீட்டுக்காரர் என்று ஒருவரும் கிடையாது. ஜாமீன் உத்தரவு வழக்குக் கட்டில் இருக்க, ஆள் இன்னும் 50 நாளுக்கு மேல் உள்ளே இருந்தான். நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போட்டபோது மோத்தி ராமை அச்செடுத்து இணைத்தேன். வேறு மாநிலத்தில் மாட்டிக்கொண்ட தமிழனை நினைத்து எழுதிய வரி, தமிழ்நாட்டில் மாட்டிக்கொண்ட பீகார் பையனை வெளியே கொண்டுவந்தது. அன்று சாயங்காலம் அவன் சிறை வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் பண்ணியது இன்னும் என் காதில் இருக்கிறது.

இது பழைய கதை இல்லை. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் சுமார் 76 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். 2023 ஜனவரி 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு உத்தரவு போட்டது. ஜாமீன் கிடைத்தும் 7 நாளில் வெளியே வராத கைதியைப் பற்றிச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சிறை நிர்வாகம் தகவல் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைப் பத்திரம் தர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். தாமதத்துக்கு ஒரு காரணம் உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று கேட்பது, அப்படிக் கேட்காமல் இருக்கலாம் என்றும் அதில் எழுதினார்கள். மோத்தி ராம் வந்து 44 வருடம் கழித்து!

அதே 1978 ஆகஸ்ட் மாதத்தில் இன்னும் இரண்டு தீர்ப்புகள். ஒன்று ஹோஸ்கோட் வழக்கு. போலிப் பட்டம் தயாரிக்க முயன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஒருவர். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் அவர் கைக்கு வரவேயில்லை என்றார். நகல் இல்லாமல் மேல்முறையீடு போட முடியாது. வருடங்கள் ஓடி, உச்ச நீதிமன்றம் வந்தபோது தண்டனைக் காலமே முடிந்துவிட்டிருந்தது. அவருடைய மனுவில் சரக்கு இல்லை என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஆனால் தள்ளுபடி செய்த கையோடு கிருஷ்ணய்யர் ஒரு விதியை எழுதினார்: சிறையில் இருப்பவருக்குத் தீர்ப்பு நகல் இலவசமாக, உடனே போய்ச் சேர வேண்டும், அவர் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து இருக்க வேண்டும், வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசு வக்கீல் வைத்துத் தர வேண்டும். நகல் பிரிவில் காத்துக் கிடந்து பழகியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். மேல்முறையீட்டு உரிமை என்று சட்டப் புத்தகத்தில் எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் அந்த நாலு காகிதம் கையில் இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது.

இன்னொன்று சுனில் பத்ரா. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதி. கீழ் நீதிமன்றம் தூக்கு என்று சொன்ன நாளிலிருந்தே தனிக் கொட்டடியில் போட்டுவிட்டார்கள். அதே வழக்கோடு தொடர் கொலையாளி சார்லஸ் சோப்ராஜின் மனுவும் சேர்ந்தது. அவரைக் கால் விலங்கோடு இரவும் பகலும் இரண்டு வருடம் போல வைத்திருந்தார்கள். நீதிபதிகள் திகார் சிறைக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். மேல்முறையீடு, கருணை மனு எல்லாம் முடிந்து இனி மாறவே மாறாது என்ற நிலை வரும்வரை ஒருவரை மரண தண்டனைக் கைதியாக நடத்த முடியாது என்று முடிவானது. சோப்ராஜ் மேல் யாருக்கும் இரக்கம் வராது. அப்படிப்பட்ட ஆளின் காலிலும் காரணமில்லாமல் இரும்பு மாட்டக் கூடாது என்று எழுதினார்கள்.

அந்த பத்ரா அடுத்த வருடம் ஒரு கடிதம் எழுதினார், தனக்காக இல்லை. இன்னொரு கைதியிடம் பணம் பறிக்கத் தலைமை வார்டர் கொடூரமாகச் சித்திரவதை செய்கிறார் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு எழுதினார். முத்திரைத்தாள் இல்லை, வக்காலத்து இல்லை, எண்ணிடப்பட்ட மனு இல்லை. அந்தக் காகிதத்தை ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். சிறைகளில் புகார்ப் பெட்டி, மாவட்ட நீதிபதி நேரில் வந்து பார்ப்பது, வக்கீல்கள் கைதிகளைச் சந்திப்பது எல்லாம் 1979 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பின் உத்தரவுகள். கடிதத்தையே வழக்காக எடுக்கும் பழக்கம் பிறகு பெரிதாக வளர்ந்து பொதுநல வழக்கு என்று பெயர் பெற்றது. அதை வளர்த்ததில் நீதிபதி பி.என். பகவதிக்கும் சம பங்கு உண்டு.

அடுத்து 1980இல் பிரேம் சங்கர் சுக்லா. விசாரணைக் கைதி ஒருவர், தன்னைக் கோர்ட்டுக்குக் கைவிலங்கோடு இழுத்துப் போகிறார்கள் என்று தந்தி அடித்தார். வசதியான கைதிக்கு ஒரு மாதிரி, சாதாரணக் கைதிக்கு வேறு மாதிரி என்று போலீஸ் விதிகளில் தரம் பிரித்திருந்தார்கள். அந்தப் பிரிவினையை அடித்து நொறுக்கினார். விலங்கு மாட்டியே ஆக வேண்டும் என்றால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்றார். இன்று எஸ்கார்ட் போலீஸ்காரர் விலங்கைத் துண்டில் மறைத்துக்கொண்டு, கோர்ட் வாசலில் கழற்றுவதை நீங்கள் பார்த்திருந்தால், அவர் மறைப்பது இந்தத் தீர்ப்புக்குப் பயந்துதான்.

கவனித்துப் பாருங்கள், இவை எல்லாமே ரசீது, நகல், பூட்டு, சங்கிலி போன்ற சாமான்கள். நான் மேலே சொன்ன அரசியல் வாழ்க்கை இங்கேதான் உதவியது என்பது என் எண்ணம். தலச்சேரியில் கூலிக்காரர்களுக்கு வாதாடியவருக்கு, சிறையில் இருந்தவருக்கு, சிறைத்துறையை மந்திரியாக நடத்திப் பார்த்தவருக்கு, உரிமை எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறது என்று தெரிந்திருந்தது. சட்டப் புத்தகத்தை மட்டும் படித்து மேலே வந்தவர் தீர்ப்பு நகலைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறார்? ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: அவர் விஷயத்தில் சரிதான். அரசியல்வாதிகள் எல்லோரையும் நீதிபதியாக்கலாம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெண்கள் பற்றிய வழக்குகளில் எனக்குப் பிடித்தது முத்தம்மா வழக்கு. குடகைச் சேர்ந்த சி.பி. முத்தம்மா வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். சேரும்போதே, கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்கிறேன் என்று எழுதி வாங்கினார்கள். பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று விதியே இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் வழக்குப் போட்டார். தீர்ப்புக்கு முன்பே அரசு அவசர அவசரமாகப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. வழக்கு முடிந்து போனது என்று கோப்பை மூடியிருக்கலாம். கிருஷ்ணய்யர் மூடவில்லை. ஆண் அதிகாரிக்குக் குடும்பம் தடையில்லை என்றால் பெண்ணுக்கு மட்டும் எப்படித் தடை என்று கேட்டு, இந்த விதிகளையெல்லாம் திருத்துங்கள் என்று எழுதினார்.

ரத்லாம் நகராட்சி வழக்கும் உண்டு. தெருவில் சாக்கடை ஓடுகிறது, சாராய ஆலைக் கழிவு வருகிறது, கழிப்பிடம் இல்லை. கையில் காசில்லை என்றது நகராட்சி. காசில்லை என்பதைச் சாக்காகச் சொல்லி அடிப்படைச் சுகாதாரத்தைத் தட்டிக்கழிக்க முடியாது என்றார். கொச்சி வங்கி ஒன்றின் கடன் வழக்கில், கொடுக்க வழியில்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில் போட முடியாது என்று எழுதியதும் அதே 1980தான்.

இட ஒதுக்கீட்டில் கேரள அரசுக்கும் என்.எம். தாமஸுக்கும் நடந்த 1975 வழக்கு முக்கியம். பட்டியல் சாதி எழுத்தர்களுக்குத் துறைத் தேர்வு எழுதக் கூடுதல் காலம் தருவது சமத்துவத்துக்கு விரோதமில்லை என்ற பெரும்பான்மையில் அவர் இருந்தார். ஆனால் நம் ஊரில் சமூகநீதி பேசுகிறவர்கள் எரிச்சலோடு சொல்லும் கிரீமி லேயர் (ஒதுக்கீடு பெறும் சாதிகளிலேயே வசதியானவர்கள்) என்ற சொல்லும் அதே தீர்ப்பில் அவர் எழுதியதிலிருந்துதான் வருகிறது. சலுகையை மேல் தட்டில் இருப்பவர்களே எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்ற கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது. அந்தச் சொல்லை மற்றவர்கள் பிற்பாடு எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்பது வேறு விஷயம்.

மரண தண்டனையில் அவர் தோற்றார். 1974இல் எடிகா அன்னம்மா என்ற இளம்பெண்ணின் தூக்கை ஆயுளாக மாற்றினார். 1979இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார். குற்றம் எவ்வளவு கொடூரம் என்பதை மட்டும் வைத்துத் தூக்கில் போடக் கூடாது, இவனை உயிரோடு விட்டால் சமூகத்துக்கு ஆபத்தா என்று பார்க்க வேண்டும் என்றார். அடுத்த வருடமே பச்சன் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்க மறுத்தது. ஆனால் ஓய்வுக்குச் சில நாள் முன்பு, 1980 நவம்பரில், மாரு ராம் வழக்கில் எழுதிய ஒன்று தங்கிவிட்டது. தண்டனைக் குறைப்பு அதிகாரம் ஆளுநரின் சொந்த விருப்பம் இல்லை, அமைச்சரவை சொன்னபடிதான் அவர் நடக்க வேண்டும் என்பது அது.

ஓய்வுக்குப் பின் எர்ணாகுளத்தில் அவர் வீடு யாரும் எப்போதும் போகக்கூடிய இடமாக இருந்தது. மனைவி சாரதா 1974இலேயே இறந்துவிட்டார், அந்த இழப்பிலிருந்து அவர் மீளவே இல்லை என்பார்கள். 1987 குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்று ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். 2002 குஜராத் கலவரத்தை விசாரித்த குடிமக்கள் தீர்ப்பாயத்துக்குத் தலைமை தாங்கினார்.

மறைக்கக் கூடாத சில விஷயங்களும் உண்டு. அந்தத் தீர்ப்பாயத்துக்குத் தலைமை தாங்கிய அதே மனிதர் 2013இல் நரேந்திர மோடி பிரதமராவதை ஆதரித்துக் கடிதம் எழுதினார். அவரை நேசித்த பலருக்கு அது பெரிய அடி, எனக்கும்தான். 2011இல் அவர் தலைமையில் கேரளத்தில் தயாரான ஒரு வரைவுச் சட்டம், இரண்டு குழந்தைக்கு மேல் பெற்றால் அபராதம், சிறை என்று சொன்னது. வறுமைக்காகச் சிறையில் போடக் கூடாது என்று எழுதிய கையிலிருந்து இப்படி ஒன்று வந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அப்புறம் அவருடைய ஆங்கிலம். அகராதி இல்லாமல் ஒரு பக்கம் தாண்ட முடியாது. ஏழைக்காக எழுதிய தீர்ப்பை அந்த ஏழையின் வக்கீலே இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கிறது.

பொருளாதார விஷயங்களில் அவருடைய கருத்தை 2024 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை நிராகரித்துவிட்டது. தனியார் சொத்து எல்லாமே சமூகத்தின் பொருள் வளம்தான் என்பது 1977இல் அவர் எழுதிய சிறுபான்மைக் கருத்து. 2024 தீர்ப்பில் அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அவரைப் பற்றிச் செய்த விமர்சனம் கடுமையாக இருந்தது. அதே அமர்விலிருந்த நாகரத்னாவும் சுதான்ஷு துலியாவும் அதைத் தங்கள் தீர்ப்புகளிலேயே கண்டித்தார்கள். கருத்து தள்ளப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை, நீதிமன்றங்கள் மாறத்தான் செய்யும். அவர் காலத்து இந்தியாவைப் பார்க்காமல் அவரைக் குறை சொன்னதுதான் வருத்தம்.

2014 டிசம்பர் 4ஆம் தேதி கொச்சியில் காலமானார். நூறாவது பிறந்தநாள் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குக் கைதிகளாக இருந்தவர்களின் உயிருக்காக முதுமையிலும் குரல் கொடுத்தார். அவர் போய் ஏழு வருடத்துக்கு மேல் கழித்து, 2022 மே 18ஆம் தேதி, பேரறிவாளனை விடுதலை செய்தது உச்ச நீதிமன்றம். அமைச்சரவையின் பரிந்துரையை ஆளுநர் கிடப்பில் போட்டது தவறு என்று சொல்ல நீதிபதிகள் எடுத்துக் காட்டியவற்றில் மாரு ராம் தீர்ப்பும் இருந்தது. அன்று அற்புதம்மாள் மகனைக் கட்டிக்கொண்டு நின்ற படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம்.

படிக்கத் தொடங்குவதாக இருந்தால் மோத்தி ராமிலிருந்து தொடங்குங்கள். சின்னத் தீர்ப்பு, ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். அடுத்து இரண்டாவது பத்ரா. முதல் பத்ரா நீளம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதற்கு முன் ஒரு நாள் உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில், ஜாமீன்தாரர்களைச் சரிபார்க்கும் நேரத்தில், பின் பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள்.